வீணைக்காக வளர்த்த நகம்

என் மாமியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பை வழிப்பதற்கென்றே வலதுகைக் கட்டைவிரல் நகத்தை நீளமாக விட்டிருந்தார். நகத்தடியில் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு, ஓரத்தில் புகையிலைப் பழுப்பு. அந்த விரலாலேயே சோற்றை நசுக்கிப் பதம் பார்ப்பார். அவர் கண்ணுக்குத்தான் என் நகம் அழுக்காகத் தெரிந்தது.

பெண் பார்க்க வந்த அன்று தெரியவில்லை. என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வீணையை நகத்தால்தான் மீட்ட வேண்டும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தந்தியைத் தட்டும்; பக்கத் தந்திகளில் சுண்டுவிரல் தாளம் போடும். அந்த மூன்று நகங்களும் உடையக் கூடாதென்று பிறந்த வீட்டில் என்னைப் பாத்திரம் தேய்க்கவே விடவில்லை. மருமகளோடு வீணையும் வருகிறது என்று மாமியார் மதுரைத் தெருவெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டார். அப்பா தந்த சீரில் அதுவும் வந்தது.

வந்த வாரமே, மாவு பிசையும்போது பின்னால் வந்து நின்றார்.

"மாவுல நக அழுக்கு எறங்குதுத்தா. வெட்டிட்டு வந்து தொடு."

வெட்டினேன். கணவரிடம் முறையிட்டதற்கு, விரலில் மாட்டும் கம்பி வாங்கி வந்தார். அது தந்தியைப் பிறாண்டியது. வெறும் சதையால் மீட்டினால் வாய்க்குள் முனகுவதுபோல் இருந்தது. ஆனாலும் மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு அந்த முனகலைத்தான் வாசித்தேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

நாத்தனாரைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வந்தவர்கள் மூலையில் இருந்த வீணையைக் கண்டு, பெண் வாசிப்பாளா என்று கேட்டார்கள். நாத்தனாருக்கு வீணையில் தந்தி எது, மெட்டு எது என்றே தெரியாது. மாமியார் கூசாமல் வாசிப்பாள் என்றார். இன்றைக்கு விரலில் நகச்சுற்று என்று சமாளித்தும் விட்டார். இப்படியும் ஒரு வாய் பேசுமா என்று அருவருத்து நின்றேன்.

நாத்தனார் கல்யாணம் முடிந்து சீர் வண்டியில் வீணையையும் ஏற்றினார்கள். ஓடிப்போய் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு, இது என் அப்பா கொடுத்தது என்றேன். கணவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைச் சரிபார்ப்பதில் மும்முரமாக இருந்தார். மாமியார் என் கையை வண்டியிலிருந்து எடுத்தார். கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி விரல்களை விரித்துக் காட்டினார்.

"நகமே இல்லையேத்தா. ஒனக்கு எதுக்கு வீணை?"