நாலு ஸ்பிரிங் பட்டைகள்

எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன அதிகாரியிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். பத்திரிகைப் படத்தில் பார்த்ததுபோல் அது தரையை ஒட்டி நிற்க வேண்டும் என்று ஒரே துடிப்பு. புது ஸ்பிரிங் வாங்க வசதியில்லை. இருந்த ஸ்பிரிங் அடுக்கிலிருந்து சக்கரத்துக்கு ஒரு பட்டை வீதம் நானே கழற்றிவிட்டேன். இங்கே ஸ்பிரிங் பட்டை கண்ணில் பட்டால் யாரும் விடமாட்டார்கள், கொல்லனிடம் கொடுத்து வெட்டுக்கத்தி அடித்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்டார்கள். பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன்.

மறுவாரம் சௌல்தாரி மேட்டில் வண்டியின் அடிவயிறு கல்லில் மோதியது. பட்டையைத் திருப்பிக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"அரே தம்பி, அன்னிக்கே கத்தி அடிச்சாச்சே! பஹுத் அச்சா வெட்டுது!"

இனி கப்பலில்தான் பட்டை வரவேண்டும். தினமும் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்கு நடந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாலு வீட்டிலும் என் ஸ்பிரிங் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தது.