பெருவிரல் மறைக்காத பெயர்

காலை ஏழே முக்காலுக்குத் திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறும்போதே ரங்கநாயகிக்குக் கோபம் தொடங்கிவிடும். ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் அவள் வெளியே பார்ப்பதில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, யார் யார் தன்னைத் திட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். ஆரப்பாளையம் வருவதற்குள் நான்கு பேருக்குப் பதில் எழுதி முடித்திருப்பாள். ஒருநாள், படியில் நிற்காதீர்கள் என்று கண்டக்டர் பொதுவாகச் சொன்னதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டுச் சண்டை போட்டாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஆரப்பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளியின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எழுத்தர். சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் வெங்கடேஷ்பாபு ஜவுளிக் கடையில் மேற்பார்வையாளர், அதிர்ந்து பேசாதவர். மகள் காவ்யஸ்ரீ வேலைக்காகப் பெங்களூர் போன வருடம்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு வீடியோவின் அடியில் எவனோ பெருமாளைக் கேவலமாக எழுதியிருந்தான். அவள் நாகரிகமாகவே பதில் எழுதினாள். அறுநூறு பேர் அதை விரும்பினார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதிய மாற்றுச் சான்றிதழ்களைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அதன் பிறகு நாகரிகம் குறையக் குறைய விருப்பக்குறிகள் கூடின. ‘சத்தியசாட்சி’ என்று பெயர் வைத்துக்கொண்ட கிறிஸ்தவன் ஒருவன் அவளோடு மோதுவதற்கென்றே அமைந்தான். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், எந்தச் சொல்லை எப்போதும் தப்பாக எழுதுகிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரசம் கொதிக்கும்போது அவனோடு பேசினாள். விடியற்காலையில் துளசி மாடத்தைச் சுற்றும்போது வாய் நாமங்களைச் சொல்லும், மனம் அவனுக்குப் பதில் கோத்துக்கொண்டிருக்கும். பெருமாளுக்காகச் சண்டை போடப் போனவள், பெருமாள் முன்னால் நின்றுகொண்டு சத்தியசாட்சியை நினைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருகூட பேசிக்கிட்டிருக்க?” என்று ஒருநாள் வெங்கடேஷ்பாபு கேட்டார்.

“யாருகூடவும் இல்ல.”

“பின்ன வாய் ஏன் அசையுது?”

அதற்கும் அவரிடம் எரிந்து விழுந்தாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைக் கூட்டிய டாக்டர், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை.

சமய வாதம் மனதுக்குக் கெடுதல் என்று சொல்ல மதுரைக்கு வாயில்லை. இந்த ஊரில் அது பழைய தொழில். ஆனால் அந்தக் காலத்தில் தோற்றவன் எதிராளியின் பக்கம் போய்ச் சேரவேண்டும் என்ற பந்தயத்தோடு உட்கார்ந்தார்கள். தோற்றுவிடுவோமோ என்ற பயம் இருந்ததால், எதிரே இருப்பவன் சொல்வதைக் காதில் வாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. ரங்கநாயகி போன இடத்தில் யாரும் தோற்பதில்லை. தோற்க முடியாத இடத்தில் யாருக்கும் காதும் தேவையில்லை. அங்கே நடப்பதை வாதம் என்று சொல்வதே அந்தச் சொல்லுக்குச் செய்கிற அவமரியாதை.

அலுவலகத்தில் அடுத்த மேஜை பிலோமினாளுடையது. ரங்கநாயகியைவிட மூன்று வயது இளையவள். பழைய பதிவேடுகள் இருக்கும் இரும்பு பீரோவின் சாவி அவள் பொறுப்பு. தவக்காலத்தில் பிலோமினாள் கவிச்சியை விட்டுவிடுவாள் என்பதால், அந்த நாற்பது நாளும் இரண்டு பேருக்கும் ரங்கநாயகிதான் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள். யாரும் யாரையும் கேட்டு ஏற்பட்ட வழக்கம் இல்லை அது.

எட்டு வருடத்துக்கு முன் பிலோமினாளின் அம்மா இறந்தபோது ரங்கநாயகி கல்லறை வரைக்கும் போனாள். அடுத்த வாரம் பிலோமினாள் பீரோவைத் திறந்து அறுபத்து மூன்றாம் வருடத்துச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினாள். “இந்தா பாருங்கக்கா, எங்கம்மா. இங்கதான் படிச்சுச்சு.” முத்துமீனா, தகப்பனார் பேயாண்டி, ஊர் எழுமலை, மதம் இந்து. பெயரையும் மதத்தையும் சிவப்பு மையால் அடித்து, மேலே மரியபுஷ்பம், கிறிஸ்தவம் என்று எழுதித் தேதியோடு சுருக்கொப்பம் இட்டிருந்தது.

“‘சோத்துக்குத்தான் சேந்தேன்’னு அம்மாவே சிரிச்சுக்கிட்டுச் சொல்லும்க்கா. ஊர்ல அப்ப மழையே இல்ல. ஹாஸ்டல்ல மூணு வேளையும் சோறு. ‘சோத்துக்கு வந்தேன். பெறகு சோறு எங்க போனாலும் கெடைச்சுச்சு. அப்பவும் நான் போகலயே, அது எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கல’ங்கும்.”

ரங்கநாயகி அன்றைக்கு அழுதாள்.

இந்த வருடத் தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை பிலோமினாள் சம்பளப் பட்டியலோடு கருவூலத்துக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் சத்தியசாட்சி எழுதினான்: “எங்கள் மக்கள் வசனத்தைக் கேட்டு மனந்திரும்பியவர்கள். சோற்றுக்கு வந்தவர் ஒருவரையாவது ஆதாரத்தோடு காட்டு. இல்லாவிட்டால் குஜராத்துக்கு ரயில் ஏறு.”

குஜராத்துப் பக்கமிருந்து வந்து எத்தனையோ தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற குடும்பம். அந்தக் கடைசி வரி அவள் காதுமடல்வரை சுட்டது. சாவி எங்கே தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். பதிவேட்டை எடுத்தாள், பக்கத்தைப் பிரித்தாள், மரியபுஷ்பம் என்ற பெயரின்மேல் பெருவிரலை வைத்துப் படம் எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த பெயர் அது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் பார்த்த பெயரும் அதுதான். சிவப்பு மையால் அடித்துக் கிடந்த பெயர் யாருடையதும் இல்லை என்று நினைத்தாள்.

“சோற்றுக்காக மாறியதை இவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இதோ பதிவேடு” என்று எழுதிப் படத்தோடு போட்டாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டாயிரம் பேர் அதைக் கொண்டாடினார்கள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் பிலோமினாள் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். போனை மேஜையில் வைத்து ரங்கநாயகியின் பக்கம் தள்ளினாள்.

“இது யாரு வெரலு?”

“பேரை மறைச்சுத்தான பிலோ போட்டேன்.”

“எந்தப் பேரை? முத்துமீனா யாரு? எங்கம்மாவுக்கு அவங்கம்மா வச்ச பேருக்கா அது. சாகுற வரைக்கும் எங்க மாமன்மாருக அம்புட்டுப் பேரும் மீனாக்கான்னுதான் கூப்பிட்டாக. எம்மக ஷெரினுக்கு இது எழுமலைல இருந்துதான் வந்திருக்கு. ‘உங்க அம்மாச்சிய நாறடிச்சிருக்காக பாரு’ன்னு அனுப்பியிருக்காக. அவ விடிய விடிய அழுதுக்கிட்டு இருக்கா.”

“அவன் என்ன எழுதினான்னு நீ படிக்கல. பெருமாளை எம்புட்டுக் கேவலமா... என்னைய குஜராத்துக்குப் போங்கிறான். உங்க ஆளுக...”

“எங்க ஆளுகளா? யாருக்கா எங்க ஆளுக? நான் சொன்னேனா உங்களப் போகச் சொல்லி? மூஞ்சி தெரியாத நாயி ஒண்ணு கொரைச்சதுக்கு, செத்துப்போன பொம்பளயத் தோண்டி எடுத்துக் கடிச்சிருக்கீங்க.”

“நான் பொய்யா எழுதினேன்? அவங்க சொன்னதுதான?”

“பாதிக்கா. மீதி எங்க?”

ரங்கநாயகிக்கு மீதி நன்றாக ஞாபகம் இருந்தது. படம் எடுக்கும்போதும் ஞாபகம் இருந்தது. அவள் கட்டிக்கொண்டு வந்திருந்த இரண்டு டப்பாவில் ஒன்று அன்று திறக்கப்படவே இல்லை.

படத்தை அழித்தாள். அது ஏற்கெனவே ஊர் சுற்றப் போயிருந்தது. பிறகு, பிராயச்சித்தம் என்று நினைத்து, மரியபுஷ்பம் சொன்ன மீதியையும் எழுதிப் போட்டாள். பதினான்கு பேர் விரும்பினார்கள். நேற்று அக்கா என்று அழைத்தவர்கள், மிஷனில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். சத்தியசாட்சி, ‘ஆண்டவர் உன்னைத் தொட்டுவிட்டார்’ என்று எழுதி அவளுக்காக ஜெபிப்பதாகச் சொன்னான். இரண்டு பக்கமும் அந்தச் செத்த பெண்ணை ஆளுக்கொரு கையாக இழுத்துக்கொண்டு நின்றன.

பிலோமினாளுக்கு அதுவும் வந்து சேர்ந்தது. “என்னயக் கேக்காம எங்கம்மாவ மறுபடி எதுக்கு அந்தச் சந்தைக்குக் கொண்டு போனீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

தலைமையாசிரியை சிஸ்டர் கேட்பதற்கு முன்பே ரங்கநாயகி போய், பீரோவைத் திறந்தது தான்தான் என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு மெமோ வந்தது. அது நியாயம். ஆனால் பதிவேடுகளையும் சிஸ்டர் தன் அறைக்கு மாற்றிக்கொண்டார். தப்பே செய்யாத பிலோமினாளிடமிருந்து சாவி போனது. பிலோமினாள் மதியச் சாப்பாட்டுக்கு ஆசிரியைகள் அறைக்குப் போகத் தொடங்கினாள். காகிதங்களை மேஜைக்கு மேஜை நகர்த்தும்போது ‘இந்தாங்க’ என்பதோடு பேச்சு நின்றது.

போனில் சத்தியசாட்சி, பயந்துவிட்டாயா என்று தினமும் எழுதிச் சீண்டினான். பதில் விரல் நுனி வரைக்கும் வந்தது. போனைக் கைப்பையின் அடியில் திணித்துவிட்டு, யார்மேல் என்று தெரியாத கோபத்தோடு கோப்புகளைப் படார் படாரென்று அடுக்குவாள்.

பன்னிரண்டாம் நாள் மதியம் ரங்கநாயகி ஆசிரியைகள் அறைக்குப் போனாள். ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலிலேயே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பிலோமினாவோட அம்மா சொன்னது ரெண்டு. நான் ஒண்ண வெளிய சொல்லி இன்னொண்ண மறைச்சேன். தெரிஞ்சேதான் மறைச்சேன். எவன்கிட்டயோ ஜெயிக்கணும்னு.”

யாரும் விரும்பவில்லை, யாரும் திட்டவும் இல்லை. எல்லோரும் இலையையும் டப்பாவையும் பார்த்தார்கள். நிற்பதற்கு இடம் தெரியாமல் அவள் கதவைப் பிடித்துக்கொண்டது அத்தனை பேருக்கும் தெரிந்தது.

“உக்காருங்கக்கா,” என்றாள் பிலோமினாள். “நின்னுக்கிட்டே கத்துனா பிரஷர் ஏறும்.”

ரங்கநாயகி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“பேசுவோம்,” என்றாள் பிலோமினாள், அவளைப் பார்க்காமல். “பஸ்ஸப் பத்தி, சிஸ்டரப் பத்தி, உங்க காவ்யாவுக்கு மாப்பிள்ள பாக்குறதப் பத்தி, எல்லாம் பேசுவோம். எங்கம்மாவப் பத்தி மட்டும் இனி உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

ரங்கநாயகி தலையை ஆட்டினாள். கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது தன்மேல். அதை எழுதி அனுப்ப ஆள் இல்லை.