மாமனாரின் பேச்சில் நடித்த அண்ணன்

அண்ணன் நடித்த முதல் பெரிய படம் வந்தபோது நாங்கள் குடும்பத்தோடு வேன் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போனோம். என் மாமனார் தியேட்டருக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மருமகளின் அண்ணன் படத்தில் வருகிறான் என்றதும், ஆடுகளை ஒரு பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு, விசேஷ வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் கயத்தாறுக்குக் கிழக்கே. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடுகளில் உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவதுதான் மாமனாரின் தொழில். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஆடுகளைக் கூப்பிடும்போது திக்காது. மனிதர்களிடம் பேசும்போது வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். அப்போது முகத்தை மேலே தூக்கி, வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். வார்த்தை விழுந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறேன். பிறகு அது காதில் விழுவதே இல்லை.

அண்ணன் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவன். கோயில் கொடைத் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரிக்கு நடுவே பலகுரலில் பேசிச் சிரிக்க வைப்பான். பஸ் கண்டக்டர், மைக் டெஸ்ட் பண்ணுகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர் என்று எல்லாரும் அவன் வாயில் வருவார்கள். கடம்பூர், எப்போதும்வென்றான் என்று சுற்றுவட்டாரத்தில் அவனுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. யாரோடு பேசினாலும் அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குக் கல்யாணமான பிறகு அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவான். மாமனாருக்கு அவனைப் பிடிக்கும். கிடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். பொதுவாக அதிகம் பேசாத மனிதர் அவனிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். பிறகு டி.வி. நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. சென்னைக்குப் போனான். அங்கிருந்து சினிமா.

படத்தில் அவன் கதாநாயகனுக்குக் கூட்டாளி. ஆடு மேய்க்கிறவன். முதல் காட்சியில் தலைப்பாகையோடு அவன் வந்ததும் எங்கள் வரிசையில் எல்லாரும் கை தட்டினோம். போலீஸ்காரர் ஒருவர் அவனிடம் பேர் கேட்கிறார். அவன் வாயைத் திறக்கிறான். சத்தம் வரவில்லை. முகத்தை மேலே தூக்குகிறான். வலது கையை ஓங்குகிறான்.

கை தொடையில் விழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. என் பக்கத்தில் மாமியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அடுத்தாற்போல் மாமனார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் அவன் மறுபடியும் தட்டினான். இந்தத் தடவை வார்த்தை வரவில்லை. இன்னொரு தட்டு, இன்னொன்று. போலீஸ்காரரும் சேர்ந்து அவன் தொடையில் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் கூட்டம் கூச்சல் போட்டது. படம் முழுக்க அப்படித்தான். இடைவேளையில் என் வீட்டுக்காரர், "போவமா, ஐயா?" என்று கேட்டார். மாமனார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்.

அன்றிலிருந்து மாமனார் தொடையில் தட்டுவதை விட்டுவிட்டார். தட்டாமல் வார்த்தை வராது. அதனால் பேச்சும் நின்றுபோனது. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவார். சாப்பாடு போதுமென்றால் தட்டின் மேல் கையை வைப்பார்.

படம் நன்றாக ஓடியது. கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் பையன்கள் தங்கள் தொடையில் தட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் அண்ணன் டி.வி. பேட்டி ஒன்றில், "எங்க ஊர்ப் பக்கம் நிஜமாவே ஒருத்தர் இருக்கார், அவரைப் பார்த்துத்தான் பிடிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். யார் என்று கண்டுபிடிக்க எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு நேரமாகும்? ஆடு மேய்க்கிறவர்களைக் கோமாளியாகக் காட்டுகிறார்கள் என்று ஏற்கனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த சாதிச் சங்கத்துப் பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. போஸ்டர்களில் சாணி அடித்தார்கள். கோவில்பட்டியில் ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். போலீஸ் வந்தது. அண்ணன் மன்னிப்புக் கேட்கும்வரை படம் ஓடாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

"உங்க அண்ணன் இனி இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். என்னிடம் அவர் அதற்குமுன் அந்தக் குரலில் பேசியதில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நான் அவிய பேரச் சொன்னனா? ஊர் பேரச் சொன்னனா? உலகமே சிரிக்கி, உங்க வீட்டுக்கு மட்டும் என்னட்டி?" என்றான்.

"அவிய இப்பப் பேசுததே இல்லண்ணே."

 

"நான் வாரேன்" என்றான்.

"வராத. இங்கன அடிச்சுருவாவ."

போனை வைத்துவிட்டான்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் கார் வந்து நின்றது. நான் மிளகாய் வற்றலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் தனியாக இறங்கினான். அவன் வாசலுக்கு வருவதற்குள் பத்திருபது பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். "எங்க, இங்கன தட்டிக் காட்டுல, பாப்போம்" என்று இன்னொருவன் நெஞ்சில் தள்ளினான். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார், தடுக்கவும் இல்லை, சேரவும் இல்லை.

தொழுவத்திலிருந்து மாமனார் வந்தார். கையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் தொரட்டிக் கம்பு. கூட்டம் வழிவிட்டது. அதை வைத்து அடிக்கத்தான் போகிறார் என்று எல்லாரையும் போல நானும் நினைத்தேன். சட்டையைப் பிடித்திருந்தவனின் கையைப் பிரித்து விட்டார். அண்ணனைப் பார்த்து, உள்ளே வா என்று தலையை அசைத்தார்.

வீட்டுக்குள் நாங்கள் ஐந்து பேர்தான். ஜன்னல் கம்பிகளில் வெளியே நின்றவர்களின் முகங்கள். அண்ணன் காலில் விழக் குனிந்தான். மாமனார் பின்னால் நகர்ந்துகொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, நீண்ட நேரம் முயன்று, தட்டாமலே ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவந்தார்.

"செ... செய்யி."

அண்ணனுக்குப் புரியவில்லை. "என்ன மாமா?"

"ப... படத்துல செஞ்சத. எ... என் முன்னால செய்யி."

"வேண்டாம் மாமா."

மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடை மேடைகளில் ஆயிரம் பேருக்கு முன்னால் நின்றவன் தன் தங்கை வீட்டில் நாலு பேருக்கு முன்னால் தயங்கி நின்றான். கடைசியில் முகத்தை மேலே தூக்கினான். தட்டினான். வார்த்தை நின்றது. மறுபடியும் தட்டினான். அச்சு அசலாக இருந்தது. மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஜன்னலில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அவன் முடித்ததும் மாமனார் என்னைப் பார்த்தார்.

"தாயி, எ... எனக்கு இம்புட்டு நேரமா ஆவுது?"

அவர் தான் பேசுவதை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இல்ல மாமா" என்றேன். அது உண்மைதான். அவர் ஒரு தட்டுக்கு மேல் தட்டியதே இல்லை.

"படத்துக்காக நான்தான் தட்டுததக் கூட்டிக்கிட்டேன், மாமா" என்றான் அண்ணன்.

"எ... எதுக்கு?"

"சிரிக்கணும்னு."

மாமனார் தலையை ஆட்டினார். கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. எழுந்து வெளியே போய், கார் வரைக்கும் அண்ணனுக்கு முன்னால் நடந்தார். ஒருவரும் கை வைக்கவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் நானும் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணன் சாப்பிடாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் அவன் சங்கத்துக்காரர்களிடம் எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டான். படம் ஓடியது. ஊர் அடங்கியது. மாமனார் மட்டும் பேசவில்லை.

பேசியது மழைக்காலம் தொடங்கும்போது. கயத்தாறில் டீக்கடையில் ஒரு பையன் அவரைப் பார்த்ததும் படத்து வசனத்தைச் சொல்லித் தொடையில் தட்டினானாம். மாமனார் டம்ளரை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய், ஓங்கித் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "நான்தாம்ல அது. இப்ப என்ன செய்யணும்?" என்றாராம். பையன் எழுந்து நின்றுவிட்டான். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போதே மாமனார் பின்னால் வந்துவிட்டார். தொடையில் தட்டி, பசிக்கிறது, சோறு போடு என்றார். மாமியார் அடுப்படிக்குப் போய் அழுதார்.

அண்ணனுக்கு அடுத்து வந்த படங்களில் எல்லாரும் அதே திக்குவாயைத்தான் கேட்டார்கள். அவன் மறுத்தான். வேறு குரல்கள் எடுத்துப் பார்த்தான், அவை எடுபடவில்லை. தலைக்கனம் என்று பேசினார்கள், படப்பிடிப்பில் தகராறு என்று எழுதினார்கள். வாய்ப்புகள் ஒவ்வொன்றாகப் போய், சீரியல்களில் மாமா வேஷத்துக்கு வந்து சேர்ந்தான்.

என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கோவில்பட்டியில் அம்மா வீட்டில்தான் அண்ணனை நான் பார்ப்பேன். போன தடவை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு கேட்டான்:

"மாமா என்னயப் பத்தி ஏதாச்சும் கேப்பாவளாட்டி?"

"இல்லண்ணே" என்றேன்.

சரி என்று பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட நடந்து வந்தான்.