அத்தாவின் வலது மணிக்கட்டு

என்னைப் பெற்ற அத்தாவின் வலது மணிக்கட்டில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைக் கட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது. காலையில் அந்த வழியாகத்தான் மெல்லிய குழாயை விட்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சாயங்காலமே, "ஈசிஜி நல்லா இருக்கு, வீட்டுக்குப் போலாம்" என்றார் டாக்டர். பல் பிடுங்கினாலே இரண்டு நாள் கட்டிலில் போட்டுவைக்கிற குடும்பம் எங்களுடையது. ஒரு ராத்திரியாவது இருக்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். "இந்தக் கைய மட்டும் அசைக்காம பாத்துக்கோங்க. ரத்தம் வந்தா கட்டவிரலால அழுத்திப் புடிச்சிக்கினு போன் பண்ணுங்க" என்றார் நர்ஸ். அத்தா அதற்குள் சட்டையைக் கேட்டார். "நல்லா கீறேன்னுதானே அனுப்புறாங்க? நீ இன்னாத்துக்கு பேஜார் பண்றே?"

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை காரில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணை மூடினால் போதும், தோளைத் தொட்டு எழுப்பிவிடுவேன். "தூங்கவும் வுடமாட்டியா?" என்று சலித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் பாதித் தெரு நின்றது. அத்தா கடைத்தெருவில் முப்பது வருடமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறவர். ஸலாம் சொல்லிக் கை நீட்டியவருக்கு இடது கையைக் கொடுக்கிற மனுஷர் இல்லை. "கை குடுக்காதீங்க" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். வந்தவர்களோ, "ஒண்ணும் ஆவாது பாய், அல்லா கீறான்" என்று பிரியத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ ஆள் நகர்ந்தபோது அந்த வெள்ளைக் கட்டு முழுக்கச் சிவந்திருந்தது.

உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். அம்மா போன் போட்டு என் காதில் வைத்தாள். பதினைந்து நிமிஷம் விரலை எடுத்துப் பார்க்கவே கூடாது, நிற்காவிட்டால் உடனே கிளம்பி வாருங்கள் என்றார் நர்ஸ். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் மனசுக்குள் அத்தாவை அடக்கமே செய்துவிட்டேன். அவ்வளவு பயம் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

இப்போது அத்தா பழையபடி கடைக்குப் போகிறார், ஊருக்கெல்லாம் கை கொடுக்கிறார். "அன்னிக்கு பயந்து செத்தது எம் பொண்ணு ஒருத்திதான்" என்று வருகிறவர்களிடம் கேலி பேசுகிறார். ஆனால் அன்று நேரம் முடிந்து, "ரத்தம் நின்னுடுச்சு அத்தா, கைய எடுக்கட்டுமா?" என்று கேட்டபோது, அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வேணாம்மா. இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்கோ."