மாமா வாங்கிய மெல்லிய நரம்பு

எங்கள் மாமா கிடார் வாசிப்பதில் சூரர் என்று சிராங்கூன் ரோடு முழுக்க ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவர் மாமாதான். பக்கத்துத் தெருவில் இருந்த போர்த்துக்கீசிய வழிவந்த செரானிக்காரர் ஒருவர் மலாக்காவுக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கிடார் அது. அதில் நாலு பாட்டுக்குச் சுமாராக மீட்டுவார். அப்பா இறந்தபின் அம்மா, அக்கா, நான் மூவரும் மாமா வீட்டில்தான் இருந்தோம். அதனால் அந்த நாலு பாட்டையும் தினமும் கேட்டு மெச்சும் கடமையும் எங்களுக்கு இருந்தது.

அக்காவுக்குக் கனத்த குரல். கீழ்ச் சுருதியில் அவள் பாடினால் மாதா கோவிலே அடங்கிப்போகும். அந்த வருஷம் மாதா திருநாளில் சப்பரத்துக்கு முன்னால் நடந்து பாட அவளைத்தான் சாமியார் தேர்ந்தெடுத்தார். எதற்கும் ஆசைப்பட்டு அவளை நான் பார்த்ததில்லை. இதற்காக மட்டும் புளிப்பைக்கூடத் தொடாமல் தொண்டையைக் காத்தாள். ஆர்மோனியத்தைத் தெருவில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்பதால் துணைக்கு மாமாவின் கிடார் வந்து சேர்ந்தது.

அவள் சுருதிக்கு இறக்கினால் கிடாரின் நரம்பெல்லாம் தொய்ந்துபோய், மீட்டியதும் கட்டையில் உரசிக் கரகரத்தது. ஒத்திகையில் அக்கா பதமாகத்தான் சொன்னாள்.

"கீழ்ச் சுருதிக்குத் தடிச்ச நரம்பாப் போட்டா தொங்காது மாமா."

"பொம்பளப் புள்ள பாட்டுக்கு எதுக்குத் தடி நரம்பு?" என்றார் மாமா.

பெண்குரல் என்றால் மெல்லிய நரம்பு என்பது அவராகவே போட்டுக்கொண்ட சட்டம். கடையில் இருந்ததிலேயே மெல்லியதாகப் பார்த்து வாங்கி வந்து மாட்டினார். தடித்ததை அழுத்தினால் அவர் விரல் நோகும், அதுதான் உள்விஷயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சப்பரம் புறப்பட்டுப் பாட்டின் முதல் அடி முடிவதற்குள் மெல்லிய நரம்பு தொய்ந்து காலை வாரிவிட்டது. மாமா நடந்துகொண்டே முறுக்காணியைத் திருகித் திருகிச் சுருதியை ஏற்றினார். ஏற ஏற அக்காவும் விடாமல் எட்டிப் பிடித்துப் பாடினாள். கடைசியில் தொண்டை கிழிந்து கீச்சென்றது. கூட்டம் சிரித்தது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததும், ஆம்பளைக் குரலை வைத்துக்கொண்டு மானத்தை வாங்கிவிட்டாள் என்று மாமா ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"தப்பு உங்க நரம்புல மாமா. அக்கா சொன்னா, நீங்கதான் கேக்கல."

மாமா தட்டைத் தள்ளினார். இந்த வீடு பிடிக்காதவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அக்கா தட்டை மறுபடி அவர் முன்னால் நகர்த்திக் குழம்பை ஊற்றினாள்.

"நரம்பு சரியாத்தான் இருந்துச்சு மாமா. என் தொண்டைதான் சரியில்ல. இனிமே நான் பாடல."

மாமா சாப்பிட்டு எழுந்தபின் நாங்கள் உட்கார்ந்தோம். அம்மா தன் பங்கு மீன் துண்டை எடுத்து அக்காவின் சோற்றில் வைத்தாள். உண்மையைச் சொன்ன எனக்கு அடி, பச்சைப் பொய் சொன்னவளுக்கு மீன். இதென்ன நியாயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவை முறைத்தேன். அவள் முள்ளை எடுத்துவிட்டு அந்த மீனை என் தட்டில் வைத்தாள். கோபம் கொஞ்சமும் தணியாமலே முழுவதையும் தின்று தீர்த்தேன்.