தேயிலை நிரையில் ஒரு குட்டைச் செடி

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. வானத்தில் மேகமே இல்லை. வறண்ட கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலை மலையில் ஏறினேன். நாற்பத்தொரு படிகள். சட்டியில் இருந்தது கஞ்சாச் செடி. எனக்கு அப்போது எழுபத்து மூன்று வயது.

அன்று பத்து மணிக்குக் காணி அளக்க பதுளையிலிருந்து ஆட்கள் வருவதாக முதல் நாள்தான் சொல்லியனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம் வீதம் எங்கள் பெயரிலேயே எழுதித் தருவதாகப் பேச்சு. முப்பத்தாறு வருடம் தோட்ட ஆபீசில் நாட்சம்பளக் கணக்கான செக்ரோலை எழுதினேன். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவியின் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். ஓர் அடி மண்ணும் எங்களுக்குச் சொந்தமில்லை. அளக்க வருகிறவர்கள் கண்ணில் அந்தச் செடி பட்டால் போலீஸ் வரும், வழக்கு வரும். அதற்குப் பிறகு காணிப் பட்டியலில் எங்கள் பெயர் நிற்காது என்பது என் கணக்கு.

விதை கொண்டுவந்தவர் மருமகன். வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் போகும் லொறியின் டிரைவர். என் மனைவி முப்பது வருடம் கொழுந்து பறித்தவள்; இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. இலையை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் வலி குறையும் என்று மருமகனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“இது குட்டை ரகம் மாமா. ஆளுயரத்துக்கெல்லாம் போகாது. வேலிக்கு மேல தலை தெரியாது” என்றார்.

அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து விதையில் நான்கு முளைத்தன. இரண்டை நத்தை தின்றது. ஒன்று ஆண் செடி. அதைப் பிடுங்கிப் போட்டேன். மிஞ்சியது ஒன்று. இளவயதில் கீழ்நாட்டுப் பக்கம் நான் பார்த்த செடிகள் ஒல்லியாக, மூங்கில் இலை போல் மெலிந்த விரல்களோடு உயர்ந்து நிற்கும். இதன் இலை விரல்கள் அகலமானவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பச்சை கறுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. கணுவுக்குக் கணு இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. மூன்று மாதத்தில் இரண்டடி இரண்டங்குலம். நம் நாட்டில் பகல் பெரிதாக நீளுவதுமில்லை, சுருங்குவதுமில்லை. அதனாலோ என்னவோ சின்னதாக இருக்கும்போதே பூத்துவிட்டது. பூக்கள் குழந்தையின் மூடிய கை போல் இறுக்கமானவை. அந்த இறுக்கமே கெடுதலும். விடியற்காலை பனி உள்ளே இறங்கினால் காய வழியில்லை. ஒரு பூ வெளியே பசுமையாக இருந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் அழுகிப்போயிற்று.

மனைவியும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் வாளியோடு செடி நின்ற கோழிக்கூட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் நுனியைக் கிள்ளிவிடுவாள். திட்டினால், கை தானாகப் போகிறது என்பாள். கிள்ளக் கிள்ள அது பக்கவாட்டில் கிளைத்து, மேலே தட்டையாகி, கவ்வாத்து வெட்டி எழுந்த தேயிலைச் செடி மாதிரி ஆயிற்று. அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

தேயிலை நிரையில் ஒரு செடி பட்டுப்போன இடம் காலியாக இருந்தது. அங்கே குழி தோண்டிச் சட்டியோடு இறக்கி மண்ணை மூடினேன். உயரம் சரியாக இருந்தது. நான்கு அடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே தெரியவில்லை. அந்த மலையில் கொழுந்து எடுத்தது போன வியாழன். ஏழு நாள் சுற்று. அடுத்த வியாழன்வரை யாரும் வரமாட்டார்கள். இறங்கி வந்து குளித்தேன்.

அளப்பவர்கள் இரண்டு பேர், பத்து இருபதுக்கு வந்தார்கள். நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். கோழிக்கூட்டு மூலையில் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பின்மலையில் கொழுந்துப் பெண்கள் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மழையில்லாததால் மேல்மலையில் பறிக்கக் கொழுந்தில்லை. அவர்களை இங்கே மாற்றிவிட்டார்கள். ஏழு நாளை எண்ணிய நான் வறட்சியை எண்ணவில்லை.

“ஐயா, மலையப் பாக்காம நாடாவ இழுத்துப் பிடிங்க” என்றார் அளப்பவர்.

அளப்பவர்கள் போனதும் மலையில் ஏறினேன். பெண்கள் அடுத்த நிரைக்குப் போயிருந்தார்கள். என் செடியில் குச்சிதான் மிச்சம். பறிக்கிற கை செடியைப் பார்ப்பதில்லை. வாய் பேசிக்கொண்டிருக்கும், கை அந்த உயரத்தில் இருப்பதை எடுத்துக் கூடையில் போடும்.

மாலை நான்கு மணிக்கு, கொழுந்துப் பெண்களை வேலை வாங்கும் கங்காணியம்மா வந்தாள். பின்னால் மூன்று பெண்கள், ஒரு சாக்கு. சாக்கை வாசலில் இறக்கினார்கள்.

“ஐயா, ஆபீஸ்ல இருந்தப்ப எங்களுக்கு அரைப் பேரு போட்டது பத்தலையா? ரிட்டயர் ஆகியும் போடணுமா?”

நடந்ததை அவளே சொன்னாள். தராசடியில் புதிதாக வந்த கிளாக்கர் பையன் சாக்கை மோந்து பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது, இதைப் பெக்டரிக்கு ஏற்ற முடியாது என்று ஒதுக்கிவிட்டானாம். அந்த ரகத்தின் வாடை அப்படித்தான். மண்ணெண்ணெயில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்த மாதிரி. மூன்று பேருக்கும் நிறை குறைந்து அன்றைக்கு அரைப் பேர், அரைச் சம்பளம்.

அது என் செடி என்று எப்படித் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன்.

“மூணு வாரமா ஒங்க வீட்டுப் பக்கமிருந்து காத்து வந்தாலே எங்களுக்குச் சிரிப்புத்தான்” என்றாள் ஒருத்தி. விரல்களை விரித்துக் காட்டினாள். பசை கறுப்பாக ஒட்டியிருந்தது.

கிளாக்கரிடம் சொன்னீர்களா என்று மெல்லக் கேட்டேன். கங்காணியம்மாவும் குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லுவோமா? இன்னிக்கு அளந்தது எங்க வீட்டையும்தானே. ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்தா லயத்துக்கே காணி இல்லேன்னு நிறுத்திப்புடுவாங்க. ஆனா அரைப் பேரு அரைப் பேருதான். அத நீங்கதான் குடுக்கணும்.”

உள்ளேயிருந்து மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “எண்ணெய் காய்ச்ச ஒரு எலையாவது மிச்சம் வச்சீங்களாடி?”

“சாக்குக்குள்ள இருக்கு அக்கா. இருபத்திரண்டு கிலோ. ஒக்காந்து பொறுக்கிக்கங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், மனைவியும்தான். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கைப் பசையைக் கழுவ ஆளுக்கொரு சவுக்காரமும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சாக்கில் கொழுந்து அதற்குள் சூடேறிச் சிவக்கத் தொடங்கியிருந்தது. அப்படியே குப்பைக் குழியில் கொட்டினேன். மறுநாள் குச்சியைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். மனைவியின் முழங்காலுக்கு ஆஸ்பத்திரிக் களிம்புதான் இன்றைக்கும். காணி உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. கேட்டால் அளந்தாயிற்று என்கிறார்கள்.

சட்டி, செடிக்குப் போட்ட சாணம், மூன்று அரைப் பேர், மூன்று சவுக்காரம் எல்லாம் சேர்த்து என் செலவு இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.