மனப்பாடம் ஆகாத சைன் ஏ பிளஸ் பி

பாளையங்கோட்டையில் நான் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது கூட்டுக்கோணச் சூத்திரங்களை ராகம் போட்டு ஒப்பிப்போம். "சைன் ஏ பிளஸ் பி, சைன் ஏ காஸ் பி பிளஸ் காஸ் ஏ சைன் பி!" நான் வாயை மட்டும் அசைப்பேன். முதலில் சைனா காஸா, நடுவில் கூட்டலா கழித்தலா, ஒரு எழவும் மண்டையில் நிற்காது.

கணக்கு டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். "வெள்ளிக்கெழம ஒப்பிக்காதவள வரலாறு குரூப்புக்கு மாத்திருவேன்" என்றார். எனக்குக் கணக்குதான் வேண்டும். போதாததற்கு ஆழ்வார்குறிச்சி அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு வராவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பாவும் சொல்லியிருந்தார். யாரைக் கேட்டு?

வெள்ளிக்கிழமை முதலில் என்னைத்தான் எழுப்பினார்.

"சைன் ஏ பிளஸ் பி சொல்லுட்டி."

"மனப்பாடமாத் தெரியாது டீச்சர். சாக்பீஸ் தாங்க, போட்டுக் காட்டுதேன்."

முன்பெஞ்சுக்காரி களுக்கென்று சிரித்தாள். சிரிக்கட்டும் என்று போர்டுக்குப் போனேன். வட்டம் போட்டேன், ஓரம் நசுங்கிய தோசை மாதிரி வந்தது. அதன்மேல் இரண்டு புள்ளிகள், நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டின் நீளத்தை இரண்டு வழியில் கண்டுபிடித்தாலும் விடை ஒன்றுதானே? சமப்படுத்தினேன். காஸ் ஏ மைனஸ் பி வந்தது. ஏ இருந்த இடத்தில் தொண்ணூறு மைனஸ் ஏ போட்டேன். கேட்ட சைன் வந்து நின்றது.

டீச்சர் டஸ்டரை எடுத்து மொத்தத்தையும் அழித்தார்.

"இப்ப சொல்லு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி வட்டம் போட்டேன். அதே விடைதான் வந்தது. அதையும் அழித்தார்.

"பரீட்சையிலயும் இப்படித்தான் வட்டம் போட்டுட்டு இருப்பியாட்டி?"

"ஆமா டீச்சர். நீங்க அழிச்சா திரும்பப் போடுவேன். மனப்பாடம் பண்ணினவ மறந்தா என்ன செய்வா?"

சிரித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு மீதி சாக்பீஸை என் கையிலேயே விட்டுவிட்டு, "போய் உக்காரு" என்றார். என்னை மாற்றும் பேச்சு அதன்பிறகு வரவே இல்லை.

அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். நான் கணக்கிலேயே பட்டம் வாங்கினேன். அந்தச் சூத்திரம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம் கிடையாது. யாராவது கேட்டால் வட்டம் போடுவேன்.